பூஜையில் வைத்த ஆசிட் தொட்டி

நம் பட்டறையின் பின்பக்கத் தாழ்வாரத்தில் நிற்கும் கண்ணாடித் தொட்டியைக் காட்டி, இதைத் தூக்கிப் போட்டால் இன்னும் ரெண்டு மேசை போடலாமே என்று உங்களில் யாரோ சொன்னீர்களாம். யார் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் கோபம் வரும். இந்த வயதில் எனக்குக் கோபம் வந்தால் மருமகள் ரத்த அழுத்த மெஷினை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறாள். ஆனால் அது ஏன் அங்கே நிற்கிறது என்று சொல்லாமல் விடவும் மனசு வரவில்லை.

நீங்கள் கம்ப்யூட்டரில் சர்க்யூட் படம் போட்டு அனுப்பினால் எங்கோ ஒரு ஊரில் பச்சைப் போர்டு தயாராகி கூரியரில் வந்து இறங்குகிறது. நல்ல விஷயம்தான், எனக்குப் பொறாமை கிடையாது. ஓய்வு பெற்றும் என் நக ஓரத்து ஆசிட் மஞ்சள் இன்னும் போகவில்லை, உங்கள் கைகளாவது வெள்ளையாக இருக்கட்டும். ஆனால் நெசவு ஊரான நகரியில் ஒரு தறி நின்று, தறிக்காரர் நம் வாசலில் வந்து நிற்கும்போது கூரியர் வரட்டும் என்று சொல்ல வாய் வருமா? அப்படிப்பட்ட நாளுக்காகத்தான் அந்தத் தொட்டி.

புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். செம்பு ஒட்டிய பலகையில் நமக்கு வேண்டிய கோடுகளை மட்டும் மையால் மூடிவிட்டு ஆசிட்டில் நிறுத்தினால், மூடாத செம்பை ஆசிட் தின்றுவிடும். மூடிய கோடுகள் மட்டும் மிஞ்சும். அந்தக் கோடுகள் வழியாகத்தான் கரண்ட் ஓடும். நாம் ஆசிட் என்று சொல்வது ஃபெரிக் குளோரைடு, பழைய காபி டிகாக்ஷன் நிறத்தில் இருக்கும். சட்டையில் பட்டால் அந்தச் சட்டை அன்றோடு சரி.

தொட்டியைத் திருப்பதியில் மீன் தொட்டி செய்கிறவர் ஒருவரிடம் செய்து வாங்கினேன். உயரம் வேண்டும், அகலம் வேண்டும், ஆனால் இரண்டு கண்ணாடிக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி போதும் என்றேன். அப்போதுதான் கொஞ்சம் ஆசிட்டில் பெரிய பலகை முங்கும். அந்த மனிதர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இதில் விடும் மீன் எப்படித் திரும்பும், பின்னாலேயே நீந்துமா என்று தெலுங்கில் கேட்டார். மீன் இல்லை, ஆசிட் என்றதும் பேச்சை நிறுத்திவிட்டு ஓரங்களில் சிலிகான் பசையை இன்னொரு சுற்று வைத்துக் கொடுத்தார். அவர் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. கிளம்பும்போது அவர் சொன்ன ஒரு வார்த்தைதான் என்னைப் பலமுறை காப்பாற்றியது. காற்றுக் குமிழி விடும் பம்ப்பைத் தொட்டிக்கு மேலே வை, கரண்ட் போனால் உள்ளே இருப்பது குழாய் வழியாகத் திரும்பி வந்துவிடும் என்றார். நம் பக்கத்தில் கரண்ட் போகும் அழகு உங்களுக்கே தெரியும். பம்ப் இன்றும் மேல் பலகையில்தான் இருக்கிறது. தயவு செய்து யாரும் கீழே இறக்காதீர்கள்.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. அடியில் ஒரு பிளாஸ்டிக் டப், கண்ணாடி விட்டுக்கொடுத்தாலும் தரை தப்பிக்கும். இரும்பு எதுவும் உள்ளே போகக் கூடாது. இதைச் சொல்லியும் என் சித்தி மகன் முனிரத்தினம் ஒருமுறை துணி காயப்போடும் கிளிப்பில் போர்டை மாட்டி இறக்கினான். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் கிளிப்பின் ஸ்பிரிங் கரைந்து போயிருந்தது, போர்டு அடியில் படுத்திருந்தது. நீங்கள் இப்போது பார்க்கிற நைலான் கயிறு அதற்குப் பிறகு வந்தது. செத்துப்போன ஆசிட்டைக் கேனில் பிடித்து வையுங்கள், தெருக் கால்வாயில் விடாதீர்கள். அந்தத் தண்ணீர் போய்ச் சேருகிற இடத்தில் மாடு குடிக்கிறது.

முனிரத்தினம் யார் என்று உங்களில் சிலருக்குத் தெரியாது. இந்தப் பட்டறையை நானும் அவனும்தான் சேர்ந்து தொடங்கினோம். போர்டு போடுவது நான், சாலிடர் வைத்துத் தறியில் கொண்டு போய் மாட்டுவது அவன். நெசவுக் குடும்பத்துப் பிள்ளை. சாமி பக்தி அதிகம், என் வாய்த்துடுக்குக்கு அவன் பக்தி பரிகாரம் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள்.

ஒரு வருஷம் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் சாமான் வாங்க நான் திருப்பதி போயிருந்தேன். வழக்கமாகத் தொட்டியைக் கழுவுவது என் வேலை, அந்த முறை அவன் செய்தான். திரும்பி வந்து பார்க்கிறேன், தொட்டி புதுப்பெண் மாதிரி நிற்கிறது. கண்ணாடி அப்படிப் பளபளத்து நான் பார்த்ததே இல்லை. சந்தனம், குங்குமம், மேலே ஒரு முழம் சாமந்தி. டிரில் மெஷினுக்கும் பொட்டு, சாலிடரிங் கம்பிக்கும் பொட்டு. பரவாயில்லையே என்று பாராட்டக்கூடச் செய்தேன். மறுநாள் காலையில் பொரி கடலை வைத்துக் கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைத்தோம். நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். பூஜையில் வைத்த சாமானை அன்றைக்குத் தொடக் கூடாது. விஜயதசமி காலையில் மறுபடி கற்பூரம் காட்டிவிட்டுத்தான் வேலைக்கு எடுக்க வேண்டும்.

மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவும்போது தனம் வந்தாள். அவள் அப்பா விட்டுப்போன தறிக் கொட்டகையைத் தனியாக நடத்திக்கொண்டிருந்தவள், பத்து தறி. கையில் ஒரு பை. அதை மேசைமேல் கவிழ்த்தாள். எல்லாம் நாங்கள் செய்து கொடுத்த போர்டுகள், எல்லாமே கருகிக் கிடந்தன. பூஜைக்கு சீரியல் விளக்குப் போட மெயினைப் போட்டிருக்கிறாள், அந்த நேரம் பார்த்து லைனில் எங்கோ நியூட்ரல் அறுந்து ஹை வோல்டேஜ் வந்துவிட்டது. விளக்கோடு போர்டுகளும் போய்விட்டன.

அந்தப் போர்டின் வேலை தறியை ஓட்டுவது இல்லை, நிறுத்துவது. தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் ஒவ்வொன்றிலும் ஒரு சின்னத் தகடு தொங்கும். நூல் அறுந்தால் தகடு விழும், அது போர்டுக்குத் தெரியும், மோட்டார் நிற்கும். நிற்காவிட்டால் அறுந்த நூலோடு தறி நெய்துகொண்டே போகும், சேலை முழுக்கக் கோடு விழும், விலை போகாது. போர்டு இல்லாமல் லைனை டைரக்டாகக் கொடுத்துவிடு என்று தனம் கேட்டாள். முடியாது என்றேன். ஓடுகிற தறியைப் பார்த்து இன்று நிம்மதியாக இருப்பாய், சேலையைப் பிரித்துப் பார்க்கிற அன்று என்னை வைவாய் என்றேன்.

அவள் மேசையில் சாய்ந்து நின்றாள். சென்னை வியாபாரி தீபாவளிச் சரக்குக்கு இந்த வாரமே லாரி அனுப்புகிறார். மிச்சச் சேலை அதற்குள் முடியாவிட்டால் நான் கொடுத்த நூலைத் திரும்ப எடுத்து வேறு கொட்டகைக்குக் கொடுத்துவிடுவேன் என்று முன்பே சொல்லியிருக்கிறார். நூல் ஒருமுறை போனால் திரும்பாது. அவள் தெருவிலேயே அப்படி நூல் போன வீடுகளில் தறியை எடைக்குப் போட்டுவிட்டிருந்தார்கள்.

"போவறது சேலை இல்லக்கா," என்றாள். "நைனா வுட்டுட்டுப் போன கொட்டா போய்டும்."

சீசன் நேரம், கையிருப்புப் போர்டு எல்லாம் விற்றுப்போயிருந்தது. வெளியே செய்யக் கொடுத்தால் லாரி வந்து போன பிறகுதான் வரும். மிச்சம் இருந்தது தொட்டி. நான் எழுந்து சாமந்தியைக் கழற்றப் போனேன், முனிரத்தினம் குறுக்கே வந்து நின்றான். பூஜையில் வைத்தது, காலை வரைக்கும் பொறு என்றான். காலையில் எடுத்தால் சாலிடர் எப்போது, மாட்டுவது எப்போது என்று நான் கத்தினேன். சாமிக்குக் கோபம் வந்தால் என்மேல் வரட்டும், உன்னை விட்டுவிடச் சொல்கிறேன் என்றும் சொன்னேன். அவன் வாசலில் போய் நின்றுகொண்டான். காகிதத்தில் அச்சடித்த மையைச் சூடு வைத்துப் பலகையில் ஏற்ற இஸ்திரிப் பெட்டியை வீட்டிலிருந்து எடுத்து வந்தேன். நல்லவேளை, அதற்கு அவன் பொட்டு வைக்கவில்லை.

கேனிலிருந்த ஆசிட்டைத் தொட்டியில் ஊற்றி, ஹீட்டரைப் போட்டு, பம்ப்பைப் போட்டு, முதல் பலகையை இறக்கினேன். வழக்கமாக ஆகும் நேரத்துக்கு மேலேயே விட்டு எடுத்துப் பார்த்தால் பலகை சொறி பிடித்த மாதிரி இருந்தது. சில இடத்தில் செம்பு சுத்தமாகப் போயிருந்தது, சில இடத்தில் தொட்டதாகவே தெரியவில்லை. மறுபடி இறக்கினேன். மிச்சச் செம்பு போவதற்குள் வேண்டிய கோடுகள் அறுந்துவிட்டன. பலகை வீண்.

"நான் சொன்னேன் இல்லக்கா," என்றான் முனிரத்தினம். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அவன் குரலில் பயம் இருந்தது.

தனம் என்னையும் அவனையும் பார்த்தாள். "வேணாங்க்கா. சாமியே வேணான்னுது. இதுல போட்ட போர்டு என் தறிக்கு வேணாம்."

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பாருங்கள். பலகை கெட்டது ஒரு பிரச்சினை. அதைவிடப் பெரியது, இனிமேல் நான் எவ்வளவு நல்ல போர்டு போட்டுக் கொடுத்தாலும் அவள் வாங்க மாட்டாள். எனக்கு வந்த கோபத்தில் பழைய ஆசிட்டைக் கொட்டிவிட்டுப் புதியதை ஊற்றலாம், ஹீட்டரை இன்னும் ஏற்றலாம் என்று கை பரபரத்தது. காரணம் தெரியாதபோது எதையாவது செய்வது ரொம்பச் சுகமாக இருக்கும். அதைச் செய்யாதீர்கள். நான் கெட்ட பலகையை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன். கழுவிக்கொண்டாவது இருக்கலாம், அதற்குள் வாய் அடங்கும் என்று நினைத்தேன்.

தண்ணீரைத் திறந்ததும் பார்த்தேன். சுத்தமான செம்பில் தண்ணீர் ஒரே விரிப்பாகப் படியும். இதில் சேப்பங்கிழங்கு இலைமேல் உருளுகிற மாதிரி முத்து முத்தாக ஓடியது. எண்ணெய். திரும்பி வந்து செல்போன் டார்ச்சைத் தொட்டிக்குள் அடித்தேன். கருத்த ஆசிட்டின் மேல் மெல்லிசாக வானவில் நிறம் மிதந்தது. பலகை இறங்கும்போதெல்லாம் அந்த எண்ணெய் ஏட்டைப் பூசிக்கொண்டு இறங்கியிருக்கிறது, எண்ணெய் பட்ட இடத்தை ஆசிட் கடிக்கவில்லை.

உடனே கண்ணாடியின் பளபளப்பு ஞாபகம் வந்தது. ஆயுத பூஜைக்கு நெசவு வீடுகளில் தறியின் இரும்பெல்லாம் எண்ணெய்த் துணியால் துடைத்து மின்ன வைப்பார்கள். முனிரத்தினத்துக்கு அப்போது சொந்தத் தறி கிடையாது. தறிக்குச் செய்கிற மரியாதையை அவன் தொட்டிக்குச் செய்திருக்கிறான், உள்பக்கமும் சேர்த்து.

எவன்டா எண்ணெய் தடவியது என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. என்னைத் தெரிந்தவர்களுக்கு அதை விழுங்குவது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று புரியும். நான் சொன்னால் என்ன ஆகும்? நல்ல நாளும் அதுவுமாக அவன் பக்தியோடு செய்த காரியத்தை வெளியாள் முன்னால் போட்டு உடைத்தவளாவேன். தனமும் நம்ப மாட்டாள். பூஜை சாமானைத் தொட்டுவிட்டு இந்த அம்மா சாக்குச் சொல்கிறது என்றுதான் நினைப்பாள். நான் சொல்லி இரண்டு பேரும் நம்பப் போவதில்லை. அவனாகப் பார்த்தால்தான் உண்டு.

அவனைக் கூப்பிட்டு, பலகையைக் கையில் கொடுத்து, சொம்பில் தண்ணீர் கொடுத்தேன். ஊற்று என்றேன். ஊற்றினான். இன்னொரு முறை ஊற்று என்றேன். நேற்றைக்கும் இன்றைக்கும் நடுவில் இந்தத் தொட்டிக்கு என்னென்ன நடந்தது என்று மட்டும் கேட்டேன். கழுவினேன், காயவைத்தேன் என்று சொல்ல ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திவிட்டான். கட்டைவிரலால் பலகையைத் தடவினான், முகர்ந்தான். முகம் விழுந்துவிட்டது. அப்புறம் அவன் செய்ததுதான் எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை. நேராகத் தனத்தின் பக்கம் திரும்பினான்.

"சாமி இல்ல தனம். எண்ண. நேத்து நாந்தான் உள்ள தடவுனேன், தறிக்குத் தடவுற மாதிரி."

"என்னைச் சமாதானம் பண்றதுக்குச் சொல்லாதண்ணா."

"காணிப்பாக்கத்துல வந்து சத்தியம் பண்றேன். எண்ணதான்."

காணிப்பாக்கத்துப் பிள்ளையார் முன்னால் பொய்ச் சத்தியம் செய்ய நம் பக்கத்தில் யாருக்கும் துணிச்சல் வராது. பங்காளிச் சண்டைகூட அங்கே போய்த் தீர்கிறது. அதிலும் மாசம் தவறாமல் அங்கே போகிறவன் முனிரத்தினம். தனம் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தோள் மெதுவாக இறங்கியது.

"எண்ண பட்ட நூல்ல சாயம் ஏறாது," என்றாள். "நெசவு ஊட்ல பொறந்துட்டு இது தெரியலயாண்ணா உனக்கு?"

அவன் வெட்கத்தோடு சிரித்தான். எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது. கருகிய போர்டெல்லாம் பரப்பிக் கிடந்த மேசையைச் சுற்றி நாங்கள் மூன்று பேரும் நின்று சிரித்ததைப் பார்த்து, எதிர்க்கடைக்காரர் போனஸ் வந்ததா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

ஒரு காரியம் கெட்டால் கடைசியாக என்ன மாறியது என்று கேளுங்கள். யார் மாற்றியது என்று கேட்டால், எதிரே இருப்பவர் பதில் தேடுவதை விட்டுவிட்டு ஒளிய இடம் தேடுவார். முனிரத்தினம் ஒளியாதவன், அது என் அதிர்ஷ்டம். எல்லோருக்கும் அப்படி ஒருவன் கிடைப்பான் என்று எண்ணி வாயைத் திறக்காதீர்கள்.

அடுத்த தகராறு எப்போது தொடங்குவது என்பதில் வந்தது. உடனே தொட்டியைச் சுத்தம் செய்து சாயங்காலமே பலகையை இறக்கலாம் என்றேன். முனிரத்தினம் விடவில்லை. கழுவுவது சேவை, அதை இப்போதே செய்கிறேன், போர்டு போடுவது வேலை, அது காலையில் என்றான். நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். விடிந்ததும் தொடங்கினால் மத்தியானத்துக்குள் மாட்டிவிடலாம், அரை நாள்தான் போகும், லாரிக்கு அது தாங்கும். சாயங்காலமே செய்து கொடுத்தாலும் தனம் விஜயதசமிக்கு முன் தறியைத் தொட மாட்டாள். அந்த அரை நாளுக்காக இரண்டு பேர் மனசில் ஒரு முள்ளை வைத்து அனுப்ப வேண்டுமா? சரி என்று சொல்லிவிட்டு, எனக்காக இல்லை உங்களுக்காக என்று முணுமுணுத்துக்கொண்டேதான் ஒத்துக்கொண்டேன்.

எண்ணெய் மேலேதானே மிதக்கும். குழாயை அடிவரை விட்டு, நல்ல ஆசிட்டைக் கீழிருந்து கேனுக்கு இறக்கினோம், மேலே மிதந்த எண்ணெய் ஏட்டைத் தனியாக எடுத்து வைத்தோம். பாத்திரம் தேய்க்கும் பவுடர் போட்டு முனிரத்தினம் கண்ணாடியைத் தேய்த்தான். தண்ணீர் ஒரே விரிப்பாகப் படிகிற வரைக்கும் விடவில்லை. விடிந்ததும் கற்பூரம் காட்டினான், நான் ஆசிட்டைத் திரும்ப ஊற்றிப் பலகையை இறக்கினேன். கோடு ஒவ்வொன்றும் கத்தி மாதிரி வந்தது. அவன் சாலிடர் வைக்க வைக்க நான் ஒவ்வொன்றையும் சோதித்துப் பையில் போட்டேன்.

கொட்டகையில் எல்லோரும் காத்திருந்தார்கள். நெய்கிறவர்கள் பொட்டு வைத்த தறிகளுக்குப் பக்கத்தில் நின்றார்கள். முனிரத்தினம் முதல் தறியில் போர்டை மாட்டினான். இந்த முறை லைனில் வோல்டேஜை அளந்து பார்த்த பிறகுதான் மெயினைப் போட விட்டான். தனம் ஸ்விட்சை அழுத்தினாள். தறி ஓடியது.

யாரும் சிரிக்கவில்லை. ஓடுவது பெரிய விஷயமே இல்லை, டைரக்டாக லைன் கொடுத்தாலும் ஓடும். நூல் அறுந்தால் நிற்குமா என்பதுதான் கேள்வி. மற்ற நாளில் அவசர வேலை என்றால் நூல் படபடவென்று அறுந்து மானத்தை வாங்கும். அன்றைக்குப் பார்த்து ஒன்றும் அறுபடவில்லை. தறி பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது, நாங்கள் சுற்றி நின்று வெறித்துக்கொண்டிருந்தோம்.

தனம் கத்தரிக்கோலை எடுத்தாள். தறிக்குப் பின்பக்கம் போய், பாவில் ஒரு நூலைப் பிடித்து வெட்டினாள். தகடு விழுந்தது, அந்த நொடியே தறி நின்றது.

நின்ற தறியின்மேல் கையை வைத்துக்கொண்டு தனம் அழுதாள். முனிரத்தினம் வேறெங்கோ பார்த்தான், எனக்கும் கண் கலங்கியது, சொல்வதற்கென்ன. அவள் முந்தானையில் முகத்தைத் துடைத்தாள். வெட்டிய நூலை முடிச்சுப் போட்டுத் தகட்டை மாட்டினாள். பிறகு எங்களைப் பார்த்துச் சொன்னாள்:

"அடுத்த தறிக்கு வாங்க. எல்லாத்தையும் ஒரு வாட்டி நிறுத்திக் காட்டுங்க."